வழுக்காத கல்

வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். வசதி வந்துவிட்டது, கொழுப்பு ஏறிவிட்டது என்று நினைப்பார்களாக இருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் குளத்தால் எனக்கு ஏறியது கொழுப்பு இல்லை, பயம்தான். அதைச் சுற்றி என்ன கல் பதிப்பது என்று யோசித்தே நான் பாதி ஆளாகிவிட்டேன்.

பயத்துக்கு மூல காரணமும் நான்தான். அப்போது திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தோம். பழைய வீடு. குளியலறையைப் புதுசாக்கும்போது டைல்ஸ் பார்க்கக் கடைக்குப் போனேன். பளபளவென்று சந்தன நிறத்தில் ஒன்று இருந்தது. "முகமே பாக்கலாம் போலிருக்குதே, இதையே போடுங்க" என்று சொன்னவள் நான். என் வீட்டுக்காரர் "வழுக்காதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "நீங்க குதிச்சு விளையாடப் போறீங்களா என்னா?" என்று வாயை அடைத்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எட்டே மாதம். ஒரு காலை நேரம் குளித்துவிட்டு வெளியே கால் வைத்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் நரம்பு அடிபட்டு வலது காலில் கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவை விழக் கூடாதும்மா. விழுந்தா இவரு அப்புறம் நடக்கறது சந்தேகந்தான்" என்றார். அந்த வார்த்தை என் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

தண்ணீருக்குள் நடந்தால் இடுப்பில் பாரம் விழாது, கால் தேறும் என்று டாக்டர் பிறகு எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார். வீட்டுக்காரர் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர், வடவாற்றில் நீந்தி வளர்ந்தவர். தண்ணீர் என்றதும் அவர் என்ன சொன்னார், எப்படி இருந்தார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அரிசி ஆலையை அவருடைய தம்பி பார்த்துக்கொள்ள, நாங்கள் சிதம்பரத்துக்கு வெளியே, காட்டுமன்னார்கோயில் சாலையில் மாடியில்லாத வீடாகக் கட்டிக்கொண்டு வந்தோம். வாசற்படிகூட வைக்கவில்லை, சரிவாக விட்டோம். கொல்லையில் வேப்பமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் குளம் வெட்டினார்கள். இருபதடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழம். ஆழத்தை நானே டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்தேன். ஒரு பக்கம் படி, படியோடு ஒட்டி ஸ்டீல் கைப்பிடி. அதுவரைக்கும் எல்லாம் சுளுவாக முடிந்தது. குளத்தைச் சுற்றி நாலடிக்குத் தளம் போட வேண்டும் என்றதும் ஆரம்பித்தது வினை.

"கடப்பா போட்டுடலாமாக்கா? சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார் மேஸ்திரி.

"மேஸ்திரி, அவரு ஈரக் காலோட ஏறுவாரு. ஒரு கால்ல உணர்ச்சி கெடையாது. அதனால வழுக்கவும் கூடாது, வெயில்ல சுடவும் கூடாது, காலைக் கீறவும் கூடாது. இந்த மூணும் இல்லாத கல்லு சொல்லுங்க."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கேக்கறது கல்லு இல்லக்கா, மெத்தை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறினேன். பையில் ஒரு தண்ணீர் பாட்டில். கடையில் காட்டிய ஒவ்வொரு டைல்ஸ் மீதும் தண்ணீரை ஊற்றினேன், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பார்த்தேன். நாலாவது டைல்ஸில் கடைக்காரர் ஓடி வந்தார். "அக்கா, அக்கா, தண்ணி ஊத்தாதீங்க, கஸ்டமர் யாராவது விழுந்துடப் போறாங்க."

"விழுவாங்க இல்ல? அப்புறம் எதுக்கு இதை எனக்குக் காட்டற?"

"இது வழுக்காத டைல்ஸுக்கா. அட்டையிலயே போட்டிருக்கான் பாருங்க."

"அட்டை மேலயா அவரு நடக்கப் போறாரு?" என்றேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வரிசையில் ஒரு டைல்ஸ் இருந்தது, சந்தன நிறம், பளபளவென்று. அதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றி, அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரரே பாவம் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் ஆறு விதமான கல்லில் ஆறு துண்டு வாங்கி வந்தேன். கொல்லையில் வரிசையாகப் போட்டு, தினமும் ஒரு சோதனை. ஒரு நாள் வெறும் தண்ணீர். ஒரு நாள் சோப்பு நுரை. ஒரு நாள் தேங்காயெண்ணெய். மழைக்காலத்தில் பாசி பிடிக்குமே என்று குழாயடியில் பத்து நாள் போட்டு வைத்துப் பாசி ஏற விட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு வெறும் காலோடு ஒவ்வொன்றிலும் ஐம்பது எண்ணும்வரை நின்றேன். கடப்பா என் காலைப் பொசுக்கிவிட்டது. நான் துள்ளிக் குதித்து இறங்கிவிட்டேன். அவருக்கானால் சுடுவதே தெரியாது, அப்படியே நின்றிருப்பார். அந்தத் துண்டை அப்போதே ஒதுக்கினேன். சொரசொரப்பான கல் ஒன்று இருந்தது, வழுக்கவே இல்லை. ஆனால் பாதத்தை அதில் இழுத்துப் பார்த்தால் கோடு கோடாகத் தோல் உரிந்தது. அதையும் ஒதுக்கினேன்.

அவர் வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். "கல்லுக்குப் பரிட்சை வெக்கிற மொத ஆளு நீதான்டி. பாஸ் பண்ணா காலேஜுக்கு அனுப்புவியா?"

"உங்களுக்கு எல்லாம் வெளையாட்டு."

"நான் ஒரு தடவை நின்னு பாக்கறேன்."

"எழுந்தீங்கன்னா தெரியும் சேதி!" என்று கத்தினேன். அடுத்த வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் எழ முயன்ற நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

பாஸானது ஒரே ஒரு கல். வெளிர் சாம்பல் நிறக் கிரானைட். மேல்பக்கத்தை நெருப்பால் சுட்டுப் பொரிய வைத்தது. தண்ணீர் பட்டால் காலைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கீறாது. வெயிலிலும் ஓரளவுக்குத் தாங்கியது. அதையே பதிக்கச் சொன்னேன். ஓரத்துக் கல்லையெல்லாம் விளிம்பை உருட்டி வைக்கச் சொன்னேன். தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் ஓட வாட்டம் வைக்கச் சொன்னேன். மேஸ்திரி வைத்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது.

"இதைப் பேர்த்துடுங்க."

"அக்கா, இது காஞ்சிடும்க்கா. ரெண்டு நிமிஷம் போதும்."

"விழறதுக்கு ரெண்டு நிமிஷமா வேணும்?"

முணுமுணுத்துக்கொண்டே பேர்த்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் போகும்போது மட்டும், "உங்க வூட்டுக்காரரு குடுத்து வெச்சவருக்கா" என்றார். அது பாராட்டா கிண்டலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

செடி விஷயத்திலும் அதே கூத்துதான். நர்சரிக்காரர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "இது உதிருமா?" அரளி உதிரும். பவழமல்லி பாய் விரித்த மாதிரி உதிரும். காகிதப்பூ காற்றில் பறந்து வந்து ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், காலில் பட்டால் வழுக்கும். புல் வளர்த்தால் பாம்பு வரும். கூழாங்கல் கொட்டினால் உருளும். கடைசியில் அவர் பொறுமையிழந்து, "உதிராத செடின்னா பிளாஸ்டிக்ல தான்க்கா இருக்குது" என்றார். கடலூர் மணலில் விளையும் வெட்டிவேர்தான் எனக்குத் தோதாக அமைந்தது. பூ உதிராது, பழம் விழாது, இருந்த இடத்தில் நிற்கும். தளத்துக்கு வெளியே வரிசையாக அதை நட்டோம். வேப்பமரத்தை வெட்டச் சொன்னேன், பழம் விழுமே என்று. அவர் முடியவே முடியாது என்றுவிட்டார். அதனால் மரத்துக்கும் குளத்துக்கும் நடுவே வலை கட்டினேன்.

இவ்வளவும் செய்தேன். யாராவது வந்து, ஒன்றை விட்டுவிட்டாயே என்று என்னிடம் சொல்லியிருக்க முடியாது. அவ்வளவு ஜாஸ்தியாகவே பயந்து பயந்து பார்த்திருந்தேன்.

தண்ணீர் நிரப்பி, அவர் முதல்முதலாக இறங்குவதற்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். நெல்லிக்குப்பத்திலிருந்து என் நாத்தனார் முதல் நாளே வந்துவிட்டாள். அவருக்கு ஒரே தங்கை, அவர் கண்ணுக்கு இன்னும் சின்னப் பிள்ளை. கொல்லையைச் சுற்றி வந்தவள் மூக்கின் மேல் விரலை வைத்தாள்.

"என்னா அண்ணி, எல்லாம் செஞ்சிருக்கீங்க, ஆஸ்பத்திரி மாதிரி வெறிச்சுன்னு கெடக்குது. புதுசா தண்ணி வுட்ட எடம். அண்ணன் மொத மொதல்ல கால் வெக்குது. ஒரு மாக்கோலம் போட வேணாமா?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. மாக்கோலம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எங்கள் ஆலை பச்சரிசியையே ஊறப் போட்டேன். காலையில் நைஸாக, வெண்ணெய் மாதிரி அரைத்து எடுத்தேன். துணியை மாவில் நனைத்துப் பிழிந்து, மோதிர விரலால் இழை இழையாக இழுத்தேன். ஆனால் நெருப்பில் பொரிந்த கல் மாவைக் குடித்துக்கொண்டே இருந்தது. கோடு தெளிவாக நிற்கவில்லை. விடுவேனா? அதன் மேலேயே இரண்டாவது இழை, மூன்றாவது இழை, தடிமனாக. பொரிந்த குழி எல்லாம் நிரம்பி, மாவு மேலே எழும்பி நின்றது. குளத்தின் நாலு பக்கமும் கோலம். இறங்கும் இடம்தானே குளத்துக்கு வாசல் என்று படிக்கு நேரே எல்லாவற்றையும்விடப் பெரிய கோலம். ஓரத்தில் காவி.

வெயில் வந்ததும் காய்ந்து வெளுத்து, பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. கற்பூரம் காட்டினோம். அவர் அரைக்கால் சட்டையோடு தடியை ஊன்றி வந்தார். காய்ந்த கோலத்தின் மேல் ரப்பர் முனை வைத்த தடி டொக் டொக் என்று வந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் மார்புக்கு வந்ததும் அவர் தடியை மேலே போட்டுவிட்டுக் கையை விரித்து நடந்தார். பிடிமானம் இல்லாமல் நடந்தார். நாத்தனார் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு அழுதாள். அவர் அவள் மேல் தண்ணீரை வாரி அடித்தார். அவள் திருப்பி அடித்தாள். "போதும், போதும்" என்று நான் சொன்னாலும் எனக்கும் உள்ளே கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. தண்ணீர் கல்லெல்லாம் தெறித்தது. தெறிக்கட்டும், வாட்டம் இருக்கிறது, ஓடிவிடும் என்று நினைத்தேன்.

அரை மணி கழித்து, "போதும், ஏறறேன்" என்று படிக்கு வந்தார். நாத்தனார் துண்டு எடுத்துத் தருகிறேன் என்று எழுந்து இரண்டு எட்டு வைத்தாள். தொம்மென்று உட்கார்ந்தாள்.

அடிபடவில்லை, சிரித்தாள். கையை ஊன்றி எழப் பார்த்தாள், கை வழுக்கியது. மறுபடி ஊன்றினாள், மறுபடி வழுக்கியது. உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். வெள்ளையாக வழிந்தது.

"என்னா அண்ணி இது? தோசை மாவாட்டம் வழவழங்குது!"

சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் என் கோலம், ஈரத்தில் ஊறி, பளபளவென்று. ஆறு மாதமாகத் தேடித் தேடி எடுத்த சொரசொரப்பை எல்லாம் நானே என் விரலால் மெழுகி அடைத்து வைத்திருக்கிறேன். அவர் மேல்படியில் நிற்கிறார். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவருக்கு நேர் எதிரே, பெரிய கோலம்.

"ஏறாதீங்க!" என்று கத்தினேன். நான் கத்தியதுதான் தப்பாகிவிட்டது. தங்கைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"என்னாச்சு பாப்பா?" என்று கேட்டபடியே வலது காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார். உணர்ச்சியில்லாத கால்.

அந்தக் கால் வழுக்குவது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. கோலத்தின் மேல் அது நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு கை கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு சுழற்சி. விளிம்புக் கல்லுக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அப்புறம் தண்ணீர் எழும்பி அடித்தது. ஆள் காணவில்லை.

ஐயய்யோ, கொன்னுட்டேனே என்று அலறிக்கொண்டு ஓடினேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஓடினேனா, வழுக்கினேனா, குதித்தேனா, அதுவும் தெரியாது. தலைக்கு மேலே தண்ணீர். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். புடவை காலைச் சுற்றிக்கொண்டது. செத்தோம் என்றே நினைத்தேன். யாரோ என் புஜத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"கால ஊனு. ஊனுடி. தரை இருக்குது. நாலடிதான்."

ஊன்றினேன். தண்ணீர் நெஞ்சுக்குத்தான் இருந்தது. நானே டேப் வைத்து அளந்த ஆழம். என்னைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார், தடி இல்லாமல்.

"இடுப்பு? இடுப்புல பட்டுச்சா? கல்லுல இடிச்சுதா? கால் அசையுதா?" இருமிக்கொண்டே கேட்டேன். மிதந்த புடவையை விலக்கி, குனிந்து, தண்ணீருக்குள் அவர் காலைத் தேடினேன்.

"ஒண்ணும் இல்ல. தண்ணியிலதான் விழுந்தேன்."

"காலைக் காட்டுங்க. அசைங்க, பாக்கறேன்."

அவர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "ரெண்டு வருஷமா என் காலையேதான் பாக்கற. மூஞ்சிய ஒரு தடவை பாரேன்."

பார்த்தேன். நல்ல வெயில். அவருக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கண் சிவந்து கலங்கியிருந்தது. வடவாற்றில் நீந்தி வளர்ந்த ஆள், தினமும் என்னைக் கிண்டல் செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள். அந்த முகத்தில் இருந்தது என் பயமேதான். நேற்று வந்ததாகவும் தெரியவில்லை. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ.

"எனக்கும் பயமாத்தான்டி இருக்குது" என்றார், தங்கைக்குக் கேட்காத குரலில். "தெனமும். ஒவ்வொரு எட்டும். நீ இன்னும் பயந்துடுவன்னுதான் சொல்லல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அந்த டைல்ஸ நான்தான் எடுத்தேன். இந்தக் கோலத்தையும் நான்தான் போட்டேன்" என்றேன். இல்லை என்று அவரால் சொல்ல முடியாதே. என் புஜத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

மேலே நாத்தனார் தவழ்ந்து தவழ்ந்து போய்க் குழாயைத் திறந்து, ஓஸ் பைப்பை இழுத்து வந்தாள். மண்டி போட்டபடி தேங்காய் நாரால் என் கோலத்தைத் தேய்த்தாள். வெள்ளைத் தண்ணீர் மேஸ்திரி வைத்த வாட்டத்தில் வெளியே ஓடி, வெட்டிவேர் அடியில் போய் இறங்கியது. ஒவ்வொரு கல்லாகச் சாம்பல் நிறம் திரும்பி வந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றோம்.

கடைசியில் அவள் நாரைப் போட்டுவிட்டு எழுந்தாள். அந்தக் கல் மேலேயே இரண்டு காலாலும் மிதித்துத் தேய்த்துக் காட்டினாள்.

"சுத்தமாயிடுச்சு. இப்ப வழுக்கல. ஏறி வாங்க ரெண்டு பேரும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஏறவில்லை. யார் முதலில் கால் வைப்பது என்று இரண்டு பேருக்குமே பயமாக இருந்தது.